ரூரிக்கென்று திரித்த நூல்

எங்கள் தீவில் சிவப்பு நூல் கட்டாத மாடு கிடையாது. வால் மயிருக்குள் மறைத்துக் கட்டியிருப்பார்கள். கைக்குழந்தைக்கு இடது மணிக்கட்டில். கம்பளி நூல், மூன்று இழை. பிதாவுக்கு ஒன்று, சுதனுக்கு ஒன்று, பரிசுத்த ஆவிக்கு ஒன்று. ஏன் சிவப்பு என்று கேட்டால் சிலுவையில் சிந்திய ரத்தம் என்பார்கள். ஜெபமாலை போதும், நூல் எதற்கு என்று பாதிரியார் பிரசங்கத்தில் சத்தம் போடுவார். அவருடைய குதிரையின் வாலைத் தூக்கிப் பார்த்தவன் நான். இருந்தது.

எனக்கு இரண்டிலும் நம்பிக்கை இல்லை. கடலில் சிங்கிறால் கூடு போட்டு இழுப்பவன், கயிற்றைத்தான் நம்புவான். கயிற்றையும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் நம்புவான்.

ஐம்பது வருஷத்துக்கு முந்தின பிப்ரவரி. என் மகள் எஃபிக்கு நாலு வயது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றோம். கிளாஸ்கோவிலிருந்து யார் வீட்டுக்கோ வந்திருந்த ஒருத்தி, "ஐயோ, என்ன அழகான புள்ளை!" என்று எஃபியின் கன்னத்தைக் கிள்ளினாள். எங்கள் பக்கம் குழந்தையைப் புகழ்ந்தால் கையோடு, ஆண்டவர் காக்கட்டும் என்று சொல்லியாக வேண்டும். அவள் சொல்லவில்லை. நின்றிருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். என் மனைவி மர்சலி குழந்தையை இழுத்து பாவாடைக்குள் மறைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே காய்ச்சல். புதன்கிழமைக்குள் குழந்தை தண்ணீரைக்கூட விழுங்கவில்லை. டாக்டர் வந்தார். நல்ல மனிதர், பொய் சொல்லத் தெரியாது. "நுரையீரல் ரெண்டும் அடைச்சிருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போகணும். இந்தக் காத்துல விமானமும் இறங்காது, கப்பலும் கிளம்பாது. அடங்கட்டும்" என்றார். அந்தக் காற்று எப்போது அடங்கும் என்று நான் கேட்கவில்லை. மேற்குக் காற்று. எனக்குத் தெரியாதா.

மர்சலி அடுப்பில் விறகுக்குப் பதில் எரிகிற கரிமண் கட்டியைக் கிளறிக்கொண்டே சொன்னாள். "வடக்குக் கோடியில ஓரிக்னு ஒரு கெழவி இருக்கா. நூல் திரிப்பா. போ."

"போய்?"

"போய் வாங்கிட்டு வா. எஃபி பேரைச் சொல்லு. அம்மா பேரு என் பேரு. நன்றி சொல்லிடாதே, சொன்னா நூல் செத்துப் போயிடும். காசு நீட்டாதே. திரும்பி வர்றப்ப வழியில எவன்கிட்டயும் வாயைத் திறக்காதே."

"அப்புறம் ஒத்தைக் கால்ல நடந்து வரணுமா?"

"லாக்லன், உன் கிண்டலை அந்தப் புள்ளை முகத்தைப் பார்த்துச் சொல்லு பார்ப்போம்."

பார்க்கவில்லை. போனேன்.

நான் அன்று செய்ததை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். காலையில் தபால் வண்டியில் ஏறி வடக்கே போகிற வழியெல்லாம் ஒரே யோசனை. இந்தக் கிழவி ஏமாற்றுக்காரியா இல்லையா? குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் எந்தக் கிழவியும் கண் பட்டது என்றுதான் சொல்வாள். அவளைச் சோதிக்க ஒரு வழி கண்டுபிடித்தேன். செத்துப்போன ஒருவன் பெயரைச் சொல்வது. அவள் கண்டுபிடித்துத் திட்டினால் மன்னிப்புக் கேட்டு எஃபியின் பெயரைச் சொல்லலாம். கண்டுபிடிக்காமல் நூலைத் திரித்துக் கொடுத்தால் அது வெறும் கம்பளி. வெறும் கம்பளிக்கு யார் பெயராக இருந்தால் என்ன?

செத்தவன் என் அண்ணன் ரூரி. ஆறு குளிர்காலத்துக்கு முன் நானும் அவனும் கூடு இழுக்கப் போன இடத்தில் பாறைக்குப் பக்கத்தில் படகு சாய்ந்தது. அவன் உள்ளே போனான். உடல் கிடைக்கவில்லை. அவன் கை என் கையிலிருந்து வழுக்கிவிட்டது என்று ஊரில் சொன்னேன். ஓரிக் எங்களை அறியாதவள். பதினாலு மைல் தள்ளி இருப்பவள்.

அவள் வீட்டில் கோழிகள் படுக்கையின்மேல் நடந்தன. சின்ன உருவம், ஆண்பிள்ளை மாதிரி தாடையில் மயிர். என்னை உட்காரச் சொல்லவில்லை.

"ஆம்பளையா பொம்பளையா?"

"ஆம்பளை."

"பேரு?"

"ரூரி. அம்மா பேரு அன்னா."

"படுத்துட்டானா?"

"படுத்துட்டான்."

"எத்தனை நாளா?"

"ரொம்ப நாளா."

"சாப்பிடுறானா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்லை, அத்தை."

எனக்குள் சிரித்துக்கொண்டேன். அவள் கூடையிலிருந்து சிவப்புக் கம்பளியை எடுத்து, கால் கட்டைவிரலில் மாட்டி, மூன்று இழையாகத் திரிக்க ஆரம்பித்தாள். வாய்க்குள் ஜெபம். மூவர் பெயர் மட்டும் எனக்குக் கேட்டது. முதல் முடிச்சில் கொட்டாவி விட்டாள். நூல் திரிப்பவர்களுக்கு அது வரும், நோய் அவர்கள்மேல் ஏறி இறங்கும் என்பார்கள். நான் நன்றாக நடிக்கிறாள் என்று நினைத்தேன். இரண்டாவது முடிச்சில் அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. பல்லோடு பல் அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. அடுப்பு எரிகிற வீட்டில் அவள் வாயிலிருந்து வெள்ளையாக ஆவி வந்தது. மூன்றாவது முடிச்சைப் போடும்போது இருமினாள். மடியில் ஒரு கை அளவு தண்ணீர் விழுந்தது. விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"உப்பு" என்றாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். "கனமான ஆளுடா இவன். எத்தனையோ பேரைத் தூக்கியிருக்கேன். இவ்வளவு ஆழத்துலேர்ந்து யாரையும் தூக்கினதில்லை. பிடிச்சுக்கிட்டான். கொண்டு போய்க் கட்டு. அதுவா நைஞ்சு விழற வரைக்கும் கையை வைக்காதே."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. வெட்கம் தடுத்துவிட்டது. முப்பத்திரண்டு வயதுக்காரன், கிழவியிடம் பொய் சொன்னேன் என்று ஒப்புக்கொள்ள வெட்கம். நூலை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

ஏரிக்கரையில் எறிந்துவிட்டுப் போகலாம் என்று கையை ஓங்கினேன். விரல் விரியவில்லை. குளிரில் மரத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு நடந்தேன்.

மேற்கே கடல். காற்று அந்தப் பக்கமிருந்து மழையோடு அறைகிறது. பாலம் தாண்டி அரை மைல் போனதும் என் வலது கன்னத்தில் காற்று நின்றுவிட்டது. முன்னால் புல் படுத்துக் கிடக்கிறது. பின்னால் தந்திக்கம்பி ஊளையிடுகிறது. என் வலது பக்கம் மட்டும் யாரோ சுவர் வைத்த மாதிரி. சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகும்போது ரூரி எப்போதும் கடல் பக்கமாகத்தான் நடப்பான். நான் அவன் மறைவில் நடப்பேன்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மளிகை வண்டிக்கார நீல் எதிரே வந்து நிறுத்தினான். கண்ணாடியை இறக்கினான். "இந்தக் காத்துல எங்கேடா போயிட்டு வர்றீங்க? கொஞ்சம் இருந்தா வண்டியைத் திருப்பிடறேன், ஏறுங்க ரெண்டு பேரும்."

வேண்டாம் என்று தலையை ஆட்டினேன்.

"என்னடா, வாயில கொழுக்கட்டையா? அவரையாவது ஏத்திக்கிறேன். சட்டையெல்லாம் சொட்டுது பாரு, தொப்பிகூட இல்லாம. யாருப்பா அது, தெரிஞ்ச முகமா இருக்கு?"

நான் நடந்துவிட்டேன். "நடந்தே சாவுங்க ரெண்டு பேரும்" என்று கத்திவிட்டுப் போனான். எதையும் நம்பாதவன் ஏன் அன்று வாயைத் திறக்கவில்லை என்று கேட்டால், பயம். வேறென்ன.

வீட்டுக்குள் நுழைந்ததும் நூலை அடுப்பில் போட நினைத்தேன். மர்சலி என் கையைப் பிடித்து விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். "இரு" என்றேன். அவ்வளவுதான் வந்தது. எஃபியின் இடது மணிக்கட்டில் அவள் கட்டி முடித்துவிட்டாள்.

அரை மணியில் காய்ச்சல் இறங்கியது. நெற்றி ஜில்லென்று ஆனது. குழந்தை எழுந்து உட்கார்ந்து, அறையை ஒரு சுற்றுப் பார்த்து, "மர்சலி, ஏதாவது சூடா குடு" என்றாள்.

மர்சலி அழுதுகொண்டே சிரித்தாள். "அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிடுற அளவுக்குத் தெம்பு வந்துடுச்சு பாரு!"

எஃபி என் பக்கம் திரும்பினாள். "என்னடா நண்டு," என்றாள், "கெழடு தட்டிப் போயிட்டே."

எனக்குச் சின்ன வயதில் கால் கொஞ்சம் வளைவு. நண்டு என்று கூப்பிட்டவன் உலகத்தில் ஒருவன்தான். அவன் போனபின் அந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை. எஃபி பிறந்ததே அவன் போய் இரண்டு வருஷம் கழித்து.

அடுத்த மூன்று நாளும் நான் வீட்டிலேயே இருந்து பார்த்தேன். கஞ்சியைக் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கிறாள், வாய் சுடுவதில்லை. அடுப்பை விட்டு நகருவதில்லை. காலையில் தலையணை நனைந்திருக்கிறது. முடியைப் பிழிந்தால் தண்ணீர். தூங்கும்போது கண் மூடுவதில்லை. மூலையில் கிடந்த பழைய கூட்டை இழுத்துவைத்துக்கொண்டு கிழிந்த வலையை முடிகிறாள். நாலு வயதுக் குழந்தையின் விரல். முடிச்சு ரூரியின் முடிச்சு.

காற்று அடங்கியதும் டாக்டர் வந்தார். நுரையீரலைத் தட்டிப் பார்த்துவிட்டு, சுத்தமாக இருக்கிறது, தனக்கே புரியவில்லை என்றார். மேசைமேல் உட்கார வைக்க அவளைத் தூக்கினார். முடியவில்லை. காலை அகட்டி நின்று மறுபடியும் தூக்கினார்.

"என்னம்மா குடுக்கிறீங்க, கல்லா?" என்று சிரித்தார். போகும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டே போனார்.

அவர் போனதும் நான் தூக்கிப் பார்த்தேன். நனைந்த துணியோடு ஒரு ஆளைப் படகுக்குள் இழுக்கிற கனம். அந்தக் கனம் என் கைக்குத் தெரியும்.

மர்சலியிடம் சொன்னேன். "இது எஃபி இல்லை."

"வாயைக் கழுவு."

"மர்சலி, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

"புள்ளை பொழைச்சிருக்கு. அதுல என்ன தப்பு உனக்கு? நீ எதையும் நல்லதுன்னு ஒத்துக்க மாட்டே. செத்தாத்தான் உனக்குத் திருப்தியா?"

அன்று மதியம் கடல் வற்றம். உருளைக்கிழங்கு பாத்திக்குப் போடக் கடற்பாசி வாரப் போனேன். காற்றில்லை, மூடுபனி. பாறை வரை தண்ணீர் பின்வாங்கியிருந்தது. முள்கரண்டியால் பாசியைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன், பாறைக்கு அந்தப் பக்கம், தண்ணீருக்கு அடியிலிருந்து, சத்தம் வந்தது.

"அப்பா."

நின்றேன்.

"அப்பா, குளுருது. எனக்கு இங்க வேண்டாம்."

இடுப்பளவு தண்ணீரில் இறங்கினேன். கழுத்தளவும் போனேன். கையை விட்டுத் துழாவினேன். பாசிதான் வந்தது. "அப்பா, மேலே இருக்கே. கீழே வா" என்றாள். என் மகளின் குரல்தான். பூசையில் ஆமென் என்று எல்லாருக்கும் பிந்திச் சொல்கிற குரல். கடல் மறுபடி ஏறி அலை என் வாயை மூடும் வரை அங்கேயே நின்றேன். அவள் குரல் கடைசி வரை நிற்கவில்லை.

மறுநாளே ஓரிக் வீட்டுக்குப் போனேன். அவள் மகன் வாசலை மறித்து நின்றான். "நீதானா அது? அஞ்சு நாளா எங்கம்மா உப்புத் தண்ணியா வாந்தியெடுக்கிறா. எவன் நோயைக் கொண்டுவந்து இறக்கினே? இன்னொரு தடவை இந்தப் பக்கம் வந்தே, காலை ஒடிச்சு கோழிக்குப் போடுவேன்."

"விடுடா அவனை" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "பொய் சொன்னவன் முகத்தை நானும் பார்க்கணும்."

படுக்கையில் இருந்தாள். உதடு வெடித்து வெள்ளையாக இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"நூலுக்குக் கண்ணு கிடையாதுடா," என்றாள். "பேரு தெரியும், கை தெரியும். நீ பேரை ஒண்ணு சொன்னே, கையை இன்னொண்ணு குடுத்தே. அவன் இந்தக் கையைப் பிடிச்சு மேலே வந்துட்டான். வந்த எடம் காலியாக் கெடக்குமா? புள்ளை போயிடுச்சு."

"அறுத்துடறேன்."

"அறு. ரெண்டு பேரும் போவாங்க. புள்ளை உடம்புதான் உன் மடியில கிடக்கும்."

"அதுவா விழுந்தா?"

"விழறப்ப யாரு மேலே இருக்காங்களோ அவங்களுக்குத்தான் அந்த உடம்பு. அதுக்கப்புறம் நான் இல்லை, பாதிரி இல்லை, பரலோகத்துல இருக்கிறவரே வந்தாலும் மாத்த முடியாது."

"இப்ப என்ன செய்யறது, அத்தை?"

"அவன் பேருக்கு முடிஞ்ச முடிச்சு, அவன் அவிழ்த்தா அவிழும். போய்க் கேளு. சோதிக்கப் போகாதே, கேளு."

நன்றி என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அவள் கையை உயர்த்தித் தடுத்தாள்.

வீட்டுக்கு வரும்போது மதியம் மூன்று மணி இருக்கும். மர்சலி பால் கறக்கத் தொழுவத்துக்குப் போயிருந்தாள். அது அடுப்புக்கு முன்னால் கூட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தது. கை இரண்டையும் தீக்குள் நீட்டி வைத்திருந்தது. தோல் சிவக்கவில்லை. நூல் கருகவில்லை.

நான் எதிரே தரையில் உட்கார்ந்தேன். "ரூரி" என்றேன்.

"இப்பத்தான் பேர் ஞாபகம் வந்துச்சா?" என் மகளின் வாய், அவன் பேச்சு. "கெழவி என்ன சொன்னா?"

"உன்கிட்டக் கேக்கச் சொன்னா. புள்ளையை விட்டுடு, அண்ணே."

"அடேய் நண்டு, நானா வந்தேன்? நான் என் பாட்டுக்குக் கெடந்தேன். அம்மா பேரோட சேர்த்துக் கூப்பிட்டது யாரு?"

"சும்மா சொன்னேன்."

"சும்மாவா!" சிரித்தான். தீவே சேர்ந்து சிரிக்கிற மாதிரி சிரிப்பான் அவன், உயிரோடிருந்தபோது. அந்தச் சிரிப்பு ஒரு சின்னத் தொண்டையிலிருந்து வந்ததைக் கேட்டவர்களுக்குத்தான் தெரியும். "நல்லா இருக்குடா. ஆறு வருஷம் ஒருத்தனும் கூப்பிடலை. கூப்பிட்டவனும் சும்மாக் கூப்பிட்டிருக்கான்."

"அவ நாலு வயசுப் புள்ளை. கத்துறா. கேட்டேன்."

"நல்ல புள்ளை. முதல்ல ரெண்டு நாள்தான் கத்தும். அப்புறம் பழகிடும். எனக்கும் அப்படித்தான்."

 என்னிடம் கொடுக்க ஒன்றுமில்லை. ஒன்றே ஒன்று இருந்தது, இதுவரை யாருக்கும் சொல்லாதது. அதைச் சொன்னால் அவன் மனம் இளகும் என்று நினைத்தேன்.

"அண்ணே, அன்னிக்குக் கை வழுக்கலை. படகு சாய்ஞ்சுது. உன்னைப் பிடிச்சிருந்தா நானும் வந்திருப்பேன். நான்தான் விட்டேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"எனக்குத் தெரியாதா? அந்தக் கையோட அந்தப் பக்கம் நான்தானே இருந்தேன்." அவன் தீயைப் பார்த்துக்கொண்டே சொன்னான். கோபமில்லை. "அதுக்காக வரலைடா. உன் மன்னிப்பை வெச்சுக் குளிர் காய முடியுமா? எனக்குச் சூடு வேணும். அவ்வளவுதான்."

நிமிர்ந்தேன். மர்சலி வாசலில் நின்றிருந்தாள், பால் வாளியோடு. எத்தனை நேரமாக என்று தெரியவில்லை. வாளி கீழே விழவில்லை. அவள் அப்படிப்பட்டவள் இல்லை. அதை மெதுவாகத் தரையில் வைத்து மேலே துணியை மூடினாள். என்னைப் பார்க்கவில்லை. அடுப்புக்கு முன்னால் இருந்ததைப் பார்த்தாள். "ரூரியா?" என்றாள்.

"ஆமா மர்சலி."

என்னைக் கட்டிக்கொள்வதற்கு முன்னால் இரண்டு வருஷம் அவள் நடனத்துக்குப் போனது அவனோடு. அது ஊருக்கே தெரியும். அதை எழுதாமல் விட்டால் பாதிதான் எழுதினதாகும்.

அவள் கேட்டது ஒன்றுதான். "என் புள்ளை எங்கே?"

 அவன் முதல் தடவையாகத் தலையைக் குனிந்துகொண்டான். அவள் அழுதிருந்தால்கூட அவன் சமாளித்திருப்பான்.

நான் என் சட்டைக் கையைச் சுருட்டினேன். இடது மணிக்கட்டை நீட்டினேன். "இந்தா. இதுல கட்டு. பெரிய ஒடம்பு, சூடு ஜாஸ்தி. புள்ளையை மேலே அனுப்பு."

"உனக்குப் புரிஞ்சுதான் சொல்றியா?"

"புரிஞ்சுதான்."

"முழுசாக் குடுக்கிறியா?"

இங்கே பொய் சொல்லவில்லை. "முழுசா முடியாது. பயமா இருக்கு. பாதி."

அவன் மறுபடியும் சிரித்தான். "நண்டு நண்டுதான். சரி. வளர்பிறை உனக்கு, தேய்பிறை எனக்கு. நூல் இருக்கிற வரைக்கும்."

சின்ன விரல்கள் மூன்று முடிச்சையும் அவிழ்த்தன. ஈரக் கயிற்றை எத்தனையோ ஆயிரம் தடவை அவிழ்த்த விரல் மாதிரி, பார்க்காமல். நூலை என் மணிக்கட்டில் சுற்றி மூன்றாவது முடிச்சை இறுக்கியதும் எஃபி பக்கவாட்டில் சாய்ந்தாள். மர்சலி பிடித்துக்கொண்டாள். இறகு மாதிரி இருந்ததாம். குழந்தை இருமி இருமிக் கடல் தண்ணீரைக் கக்கியது. வாயில் மணல். உதடு நீலம். அப்புறம் வீட்டைத் தூக்குகிற மாதிரி, "அம்மா!" என்று ஒரு அலறல்.

அந்த அலறலை நான் பாதிதான் கேட்டேன். அன்று தேய்பிறை.

கீழே எப்படி இருக்கும் என்று எழுதப் போவதில்லை. இருட்டில்லை, பச்சை. கனம். மேலே படகு போனால் தெரியும். அதற்குமேல் யாருக்கும் தேவையில்லை.

எஃபி பிழைத்தாள். கிளாஸ்கோவில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வும் பெற்றுவிட்டாள். பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். அவளுக்கு ஒன்றும் ஞாபகமில்லை. அவள் பிழைக்க வேண்டும், அது ஒன்றுதான் நான் கேட்டது, அது கிடைத்தது. அதனால் குறை சொல்லவில்லை.

ஆனால் சிலது காதில் விழும். மாதம் பாதி நான் வீட்டிலிருக்கிறேன். மீதிப் பாதியில் என் உடம்பு என்ன செய்தது என்று ஊர்க்காரர்கள்தான் சொல்வார்கள். "நேத்துக் கல்யாணத்துல என்ன ஆட்டம்டா ஆடினே!" என்பார்கள். நான் ஆடுவதில்லை. "ரெண்டு வாரமா உங்க வீட்டுல ஒரே சிரிப்புச் சத்தம்" என்று நீல் சாகும் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தான். நான் இருக்கும்போது மர்சலி நல்லபடியாகத்தான் நடந்துகொள்வாள். கஞ்சி நேரத்துக்கு வரும். சட்டை துவைத்திருக்கும். கை வழுக்கியதா விட்டேனா என்று ஐம்பது வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் கேட்கவில்லை.

நூல் நன்றாகத் தாக்குப் பிடித்தது. முதல் இழை முப்பது வருஷத்தில் போனது. இரண்டாவது இழை போன வருஷம் வரை இருந்தது. நான் ஜாக்கிரதைக்காரன். என் நாட்களில் அதன்மேல் துணி சுற்றி வைத்திருப்பேன், எதிலும் உரச விடமாட்டேன். இந்தக் குளிர்காலத்தில் ஒவ்வொரு அமாவாசைக்கும் நான் திரும்பி வரும்போது துணி அவிழ்ந்திருக்கிறது. நூல் நான் போகும்போது இருந்ததைவிட மெலிந்திருக்கிறது.

இன்று பௌர்ணமி. விடியற்காலையில் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே இழை. அதிலும் பாதி. நைந்த நூல் எப்படி இருக்கும் என்று கயிற்றோடு வாழ்ந்தவனுக்குத் தெரியும், பிசிர் பிசிராக இருக்கும். இது அப்படி இல்லை. நசுங்கியிருக்கிறது, பல் பட்டு மென்ற மாதிரி.

ரூரி மென்றிருக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். மென்றால் அவன் இந்த வாயால்தான் மென்றிருக்க வேண்டும். இந்த வாயில் பல் போய்ப் பத்து வருஷமாகிறது.

மர்சலிக்கு எல்லாப் பல்லும் இருக்கிறது.